பிரேதமும் பகடையும்

ஒரு சமுதாயம் உயிரோடிருக்கும் மனிதரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அது இறந்தோரை எவ்வாறு விசாரிக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் மட்டுமன்றி, வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் விளையாட்டுக்களிலும் இம்மதிப்பீடு படிந்திருக்கக் காணலாம். இன்றைய மேசை விளையாட்டொன்றின் விதியை முன்வைத்து, பிரேத பரிசோதனை என்னும் நிறுவனம் வளர்ந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாய்மொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்வது இதன் இயல்பு. ஒருவர் நடத்துனராக இருந்து உலகை விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். செயல் வெற்றி பெறுமா என்பதைப் பெரும்பாலும் பகடை தீர்மானிக்கும். இம்மரபில் 1981இல் சாண்டி பீற்றர்சன் ஆக்கிய 'கோல் ஒவ் கதூலு' ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. லவ்கிராப்டின் திகிற் கதைகளை அடிப்படையாகக் கொண்டதும், பெரும்பாலும் 1920களின் அமெரிக்காவைக் களமாகக் கொள்வதுமான இவ்விளையாட்டில் ஆடுவோர் வாளேந்திய வீரரல்லர். பேராசிரியர், பத்திரிகையாளர், வைத்தியர், துப்பறிவோர் ஆகியோரே அதன் மாந்தர். போரின் இடத்தை விசாரணை பிடித்துக்கொண்டது. விசாரணை வந்ததும் பிரேதமும் பிரேத பரிசோதனையும் மேசைக்கு வந்து சேர்ந்தன.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. வைத்தியப் பாத்திரத்தின் மருத்துவத் திறன் 60 என்று வைத்துக்கொள்வோம். பத்து முகங்கள் கொண்ட இரு பகடைகளை உருட்டி நூறுக்குள் ஓர் எண்ணைப் பெறுவர். 60 அல்லது அதனிற் குறைந்த எண் விழுந்தால் உடல் தன் இரகசியத்தைக் கூறும். 61 விழுந்தால் மௌனம் சாதிக்கும். அந்த இரகசியமின்றிக் கதை நகர முடியாதெனில் அன்றைய ஆட்டமே முடங்கிவிடும். இதற்கு மாற்றாக ரொபின் லோஸ் என்பவர் 2007இல் 'தி எசோரெறறிஸ்ற்ஸ்' என்னும் விளையாட்டில் வேறொரு விதியை வகுத்தார். தகுந்த திறனுள்ள ஒருவர் தகுந்த இடத்தில் தேடினால் முக்கியமான தடயம் அவருக்குத் தவறாது கிடைக்கும். அதற்குப் பகடை வேண்டியதில்லை. 2008இல் கெனத் ஹைற் இவ்விதியை லவ்கிராப்டின் உலகுக்கும் பொருத்தி 'ட்ரெயில் ஒவ் கதூலு' என்பதை எழுதினார்.

இவ்விரு விதிகளுள் எது உண்மைக்குக் கிட்டியது? மேலோட்டமாக நோக்குவார்க்குப் பகடையே கிட்டியதாகத் தோன்றலாம். வைத்தியரும் மனிதரே, தவறுவது அவர்க்கும் இயல்பே. எனினும், கடந்த இரு நூற்றாண்டுகளின் மரண விசாரணை வரலாற்றைப் புரட்டும்போது வேறோர் உண்மை புலனாகின்றது. புகழ்பெற்ற வழக்குகள் பலவற்றிலே தடயம் உடலிலேயே இருந்தது. அதைக் காணும் திறனும் உலகில் இருந்தது. காணவும் கண்டதைக் கூறவும் அதிகாரம் படைத்தவரிடம் மனம் இருந்ததா என்பதே வினாவாக இருந்தது.

மரண விசாரணை அதிகாரி என்னும் பதவியின் பிறப்பே இவ்வகையில் நோக்கத்தக்கது. 1194இல், முதலாம் ரிச்சர்ட் மன்னனின் ஆட்சிக் காலத்தில், இங்கிலாந்தில் இப்பதவி ஏற்பட்டது. முடியின் வருவாயைக் காப்பதே அதன் தலையாய பணி. குற்றவாளியின் சொத்து முடிக்குரியது. ஆகவே குற்றம் நடந்ததா என்பதை முடி அறிய வேண்டியிருந்தது. இறப்புக்குக் காரணமான பொருளும், அது வண்டியாயினும் எருதாயினும், பறிமுதலுக்கு உரியது. பிணத்தின் அருகே அரசன் நின்றமைக்குக் காரணம் இரக்கமன்று, கணக்கே. ஆங்கிலேயர் சென்று ஆண்ட நாடுகள் பலவற்றுக்கும் இப்பதவி சென்றது. எமது நாட்டின் திடீர் மரண விசாரணை முறையும் அவ்வழி வந்ததே.

பறிமுதல் விதி இயந்திர யுகத்திலே எதிர்பாராத ஒரு வலிமையைப் பெற்றது. 1841 டிசெம்பர் 24ஆந் திகதி, சொனிங் என்னுமிடத்தில் கிரேற் வெஸ்ரேண் புகையிரதம் ஒன்று மண்சரிவில் மோதியது. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் தாழ்ந்த விளிம்புகளையுடைய திறந்த பெட்டிகளில், எஞ்சினுக்கும் பாரமேற்றிய சரக்குப் பெட்டிகளுக்கும் இடையே ஏற்றப்பட்டிருந்தனர். எண்மர் அவ்விடத்திலேயே மாண்டனர். இறந்தோரிற் பலர் நத்தாருக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர். விசாரணை செய்த ஜூரிமார், மரணத்துக்குக் காரணமான பொருளென்று எஞ்சின் மீதும் பெட்டிகள் மீதும் 1,000 பவுண் விதித்தனர். சாதாரண மனிதர் பன்னிருவர் ஒரு மாபெரும் கம்பனியின் சொத்தின்மீது கை வைத்துவிட்டனர்! 1846இல் பாராளுமன்றம் இப்பழைய விதியை அடியோடு நீக்கியது. அதே ஆண்டில் இறந்தோரின் குடும்பத்தினர் நட்டஈடு கோரி வழக்கிட வழிசெய்யும் சட்டமொன்றும் நிறைவேறியமையை மறுப்பதற்கில்லை. ஆயினும், வழக்கிடுவதற்குப் பணம் வேண்டும். மரண விசாரணையில் ஜூரிமார் கம்பனியைத் தண்டிக்கும் வழி அத்துடன் அடைபட்டது.

அதே 1846ஆம் ஆண்டில் இன்னொரு விசாரணை நடந்தது. தோமஸ் வாக்லி என்பவர் 1823இல் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கியவர். பாராளுமன்றத்திலே தீவிரவாதிகளின் அணியைச் சார்ந்தவர். தொழிற்சங்கம் அமைத்தமைக்காக நாடு கடத்தப்பட்ட டொல்படில் கிராமத்துக் கூலியாளருக்காக வாதாடியவர். மரண விசாரணை அதிகாரி மருத்துவம் கற்றவராயிருத்தல் வேண்டும் என்று நெடுங்காலம் போராடி, 1839இல் தாமே மேற்கு மிடில்செக்ஸ் பகுதிக்கு அப்பதவியில் தெரிவானார். ஹவுன்ஸ்லோ பாசறையில் பிரெடரிக் ஜோன் வைற் என்ற சாதாரணப் போர்வீரன், மேலாளரை அடித்த குற்றத்துக்காக 150 கசையடி பெற்று, சில வாரங்களின் பின் இறந்தான். இறப்புக்கும் அடிக்கும் தொடர்பில்லை, உள்ளுறுப்பு நோயே காரணம் என்றனர் இராணுவ வைத்தியர். வாக்லி அதை ஏற்று மூடிவிடவில்லை. தோல் நோய் வல்லுநரான இராஸ்மஸ் வில்சனைக் கொண்டு உடலை மீண்டும் ஆராயச் செய்தார். இராணுவ வைத்தியர் கருத்திற் கொள்ளாத முதுகெலும்பின் அருகேயுள்ள தசைகளில் சிதைவு காணப்பட்டது. கசையடியின் விளைவாகவே வைற் இறந்தான் என்று ஜூரிமார் தீர்ப்பளித்தனர். நாடு கொதித்தது. அவ்வாண்டிலேயே கசையடியின் உச்ச எல்லை 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1881இல் இராணுவத்திலிருந்து அத்தண்டனையே ஒழிந்தது.

இவ்விசாரணையை நாம் விளையாட்டின் மொழியிற் கூறிப் பார்ப்போம். இராணுவ வைத்தியரின் பகடையில் கெட்ட எண் விழுந்ததா? அன்று. முதுகில் அடிபட்டவனின் முதுகை அவர்கள் ஆராயவில்லை, அவ்வளவே. வில்சனுக்குக் கிடைத்ததும் அதிர்ஷ்டமன்று. பார்க்கும்படி கேட்க ஒருவர் இருந்தார், அவர் பார்த்தார்.

அமெரிக்காவிலே இப்பதவி கட்சி அரசியலின் கைக்குள் வீழ்ந்தது. மசாசூசெற்ஸ் மாநிலம் 1877இல் முதன்முதலாக அதை ஒழித்து, மருத்துவம் கற்ற சட்ட வைத்திய அதிகாரிகளை நியமித்தது. (லவ்கிராப்டின் கற்பனை நகரான ஆர்க்கம் இம்மாநிலத்தையே சார்ந்தது, ஆகவே 1920களின் ஆர்க்கமிலே பழைய முறையின் மரண விசாரணை அதிகாரியைக் கொண்டுவரும் நடத்துனர் வரலாற்றிற் பிழை செய்பவராவர்.) நியூயோர்க் நகரம் மேலும் நாற்பதாண்டுகள் காத்திருந்தது. 1915இல் நகரக் கணக்காய்வு ஆணையாளர் லெனாட் வோல்ஸ்ரைன் வெளியிட்ட அறிக்கை, அங்கு அப்பதவியை வகித்தோரின் தொழில்களை அடுக்கிக் காட்டியது: சவ அடக்கம் செய்வோர், காணித் தரகர், மதுக்கடைக்காரர், ஏலக்காரர் எனப் பலர். எத்தொழிலும் இழிவன்று. கட்சிக்கு உழைத்தமைக்கான கூலியாக, பிணத்தின்மீது தீர்ப்புக் கூறும் அதிகாரம் வழங்கப்பட்டதே இழிவு. 1918இல் புதிய அலுவலகம் தோன்றியது. சார்ள்ஸ் நொரிஸ் அதன் தலைவரானார். நஞ்சாய்வுப் பகுதியை அலெக்சாண்டர் கெட்லர் ஏற்றார்.

இவர்கள் கையில் பிரேத பரிசோதனை எத்தகைய சமூகக் கருவியாயிற்று என்பதற்கு இரு சான்றுகள் போதும்.

1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியிலுள்ள ஸ்ராண்டட் ஒயில் கம்பனியின் பேவே ஆலையில், பெற்றோலில் கலப்பதற்கான ஈயச் சேர்மம் ஒன்றைத் தயாரித்த தொழிலாளர் பித்தர்போலாகி, ஒருவர் பின் ஒருவராக ஐவர் இறந்தனர். அளவுக்கு மீறி உழைத்ததே காரணமாகலாம் என்று ஆலைத் தரப்பிலிருந்து கூறப்பட்டது. உழைப்பாளியைக் கொன்றது அவனுடைய உழைப்பார்வமே என்பதுபோன்ற விளக்கம் முதலாளித்துவத்துக்குப் புதியதன்று. கெட்லர் இறந்தோரின் உறுப்புக்களைச் சோதித்து ஈயத்தைக் கண்டார். நியூயோர்க் நகரம் அவ்வகைப் பெற்றோலைத் தடை செய்தது. ஆனால் 1926இல் கூட்டாட்சி அரசு நியமித்த குழு, தடை வேண்டியதில்லை என்றது. ஈயம் கலந்த பெற்றோல் உலகெங்கும் பரவிற்று. வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இலேயே. அந்த ஐவரின் உடல்கள் சொன்ன உண்மையை உலகம் ஏற்பதற்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது சான்று ரேடியம். நியூ ஜேர்சியின் ஒரேஞ்ச் நகரில், இருளில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு மையிடும் வேலையில் இளம் பெண்கள் அமர்த்தப்பட்டனர். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குப் பயிற்றப்பட்டது. அவர்களுள் ஒருத்தி, தாடை எலும்பு சிதைந்து 1922இல் இறந்தபோது, மரணச் சான்றிதழில் சிபிலிசு நோய் என்று எழுதப்பட்டது. உயிரைப் பறித்தது போதாதென்று அவள் மானத்தையும் பறித்தது அச்சான்றிதழ். கம்பனி தானே ஏற்பாடு செய்த ஹாவார்ட் வல்லுநரின் ஆய்வு பாதகமாக வந்தபோது, அதைத் திரித்து மாநிலத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பியது. 1927இல் அவள் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. ஐந்தாண்டு மண்ணிற் கிடந்த பின்னரும் எலும்புகள் கதிர் வீசின. சிபிலிசின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை. 1928இல், அவளுடைய சகோதரிகள் இருவர் உட்பட ஐந்து பெண்களுக்கு, தலைக்கு 10,000 டொலரும் ஆண்டுக்கு 600 டொலரும் வழங்கக் கம்பனி உடன்பட்டது.

எனினும், நேர்மையான கத்தி ஒன்றே நீதியைத் தந்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. பொஸ்ரனின் சட்ட வைத்திய அதிகாரி ஜோர்ஜ் பேர்ஜஸ் மக்ராத், 1920இல் சவுத் பிரெயின்ட்றீயிற் கொல்லப்பட்ட காவலாளி ஒருவரின் உடலிலிருந்து நான்கு குண்டுகளை எடுத்தார். எடுத்த ஒவ்வொன்றின் அடியிலும் உரோம எண்ணைக் கீறி அடையாளமிட்டார். இதனினும் ஒழுங்கான முறை வேறில்லை. இவற்றுள் மூன்றாம் இலக்கக் குண்டே, சக்கோ, வன்செற்றி என்னும் இரு இத்தாலியத் தொழிலாளருக்கு எதிரான வழக்கின் அச்சாணியாயிற்று. அது சக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்ததா, இடையில் மாற்றப்பட்டதா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. குண்டின் உண்மை எதுவாயினும், அராஜகவாதிகள், குடியேறியோர் என்ற வெறுப்பு நீதிமன்றத்தை நிறைத்திருந்தது. 1927 ஓகஸ்ட் 23இல் இருவரும் மின்னாசனத்தில் மாண்டனர். அவர்கள் நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று 1977இல் அம்மாநில ஆளுநரே பிரகடனம் செய்தார். உடலின் சாட்சியம் மேசையை விட்டு எழுந்து நீதிமன்றம் செல்லும் வழியில், வர்க்கமும் இனவெறுப்பும் காத்திருக்கின்றன என்பதை இவ்வழக்கு துலாம்பரமாக்குகின்றது.

இந்த மக்ராத்தின் நட்பினால் தூண்டப்பெற்றவரே பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. 1878இல் சிக்காகோவில், அறுவடை இயந்திர உற்பத்தியாற் பெருஞ்செல்வரான குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய நன்கொடையினால் 1930களில் ஹாவார்டிலே சட்ட வைத்தியத் துறை உருவாயிற்று. 1940களில் அவர் அமைத்த சிற்றறை மாதிரிகளே எமது பொருளுக்கு மிக நெருங்கியவை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், மரணம் நிகழ்ந்த அறைகள் மேசைமேல் உருவாயின. குண்டூசி போன்ற ஊசிகளால் பின்னிய காலுறைகள், திறந்து பூட்டக்கூடிய பூட்டுக்கள், சுவரில் நாட்காட்டி, நடுவே ஒரு பொம்மைப் பிணம். கரியோரொட்சைட்டினால் இறந்தவர்க்கு உரிய செந்நிறம் கூடப் பொம்மையின் தோலிற் பூசப்பட்டது. பயிற்சிக்கு வந்த பொலிஸ் துப்பறிவாளர் ஒவ்வொரு மாதிரியின் முன்னும் குறித்த நேரம் நின்று, கண்டதைக் கூறல் வேண்டும். பகடை கிடையாது. தடயங்கள் யாவும் அங்கே உள்ளன. காண்பவனே குறைபடுகிறான் என்பதே அவ்விளையாட்டின் விதி. லீ 1962இற் காலமானார். ஹாவார்ட் அத்துறையை 1967இல் மூடியது. மாதிரிகளுட் பதினெட்டு மேரிலாந்தின் பால்ரிமோர் நகருக்குச் சென்று, பயிற்சிக்குத் தொடர்ந்து பயன்பட்டன.

அம்மாதிரிகளிலே காணப்படும் இல்லங்கள் பெரும்பாலும் எளியோருடையவை: வாடகை அறை, சமையற்கட்டு, கொட்டில், பண்ணை வீடு. இறந்தோரிற் பலர் பெண்கள். செல்வச் சீமாட்டி ஒருவர் வறியோரின் அலங்கோலத்தைப் பொம்மையாக்கினார் என்று இதனை ஒதுக்கிவிடுவோர் உளர். அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் கவனிப்பாரற்று, தற்கொலை என்றோ விபத்து என்றோ ஒரு வரியில் முடிக்கப்படும் மரணங்கள் அவ்வீடுகளின் மரணங்களே. அச்சமையற்கட்டின் முன்னே பொலிசாரை மணிக்கணக்கில் நிறுத்தி, கரண்டியின் கிடையைக் கூட நோக்கச் செய்தமை, அவ்வுயிர்களுக்கு அளித்த மரியாதையாகவும் அமைந்தது என்பது எமது கருத்து.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். தடயத்தைப் பகடையிடம் ஒப்படைக்காத விதியே வரலாற்றுக்குக் கூடுதலாக இயைந்தது என்பது இதுவரை கூறியவற்றாற் பெறப்படும். அது ஆட்டத்தை எளிதாக்கும் ஓர் உபாயம் மட்டுமன்று. போராட்டம் எங்கே நிகழ்கின்றது என்பதை அது சரியான இடத்துக்கு நகர்த்துகின்றது. ஆகவே, இத்தகைய கதையை நடத்துவோர் உடலின் உண்மையை வைத்தியப் பாத்திரத்திடம் தயக்கமின்றிக் கொடுத்துவிடட்டும். பகடைக்கு வேறு வேலை உண்டு. உடலைத் திறக்கும் உத்தரவை நீதவானிடம் பெற முடியுமா? கம்பனி வைத்தியர் எழுதிய சான்றிதழை மாற்ற முடியுமா? வேலை போய்விடுமென்று அஞ்சும் சக தொழிலாளி வாய் திறப்பானா? கண்டுபிடித்த வைத்தியரின் பதவி நிலைக்குமா? இவையே நிச்சயமற்றவை, வாக்லியும் நொரிசும் எதிர்கொண்ட தடைகள் இவ்வகையினவே.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். மேசைமேற் கிடத்தப்படும் பிரேதம் புதிர் மட்டுமன்று. அதற்கொரு பெயர் உண்டு. கூலி நிலுவை உண்டு. வாசலிலே காத்திருக்கும் தாயோ மனைவியோ உண்டு. இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம், வறியோர் விடுதிகளில் இறந்து எவரும் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் அறுவைக்கு ஒப்படைத்தது. அதுவரை கொலைஞருக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டிருந்த அறுவை, அன்று தொட்டு வறுமைக்கும் தண்டனையாயிற்று. அறுவையை மறுத்து அழும் ஏழைக் குடும்பத்தை மூடநம்பிக்கை கொண்டோராக மட்டும் சித்திரிக்கும் கதை, இவ்வரலாற்றை அறியாத கதையாகும். அவர்கள் அஞ்சியது கத்தியை மாத்திரமன்று, கத்தி யார் கையில் இருந்தது என்பதையுமே.

மாணவர் விரும்பி ஆடும் விளையாட்டை ஆசிரியர்கள் இகழ வேண்டியதில்லை. ஓர் இளைஞர் கூட்டம் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஓர் ஆலைத் தொழிலாளியின் மரணத்தைக் கற்பனையில் விசாரிக்கும்போது, சான்றிதழில் எழுதியதை அப்படியே நம்பாதிருக்கப் பழகுமாயின், அது சிறந்த வரலாற்றுப் பாடமே. யார் கையெழுத்திட்டார், யார் அவருக்குச் சம்பளம் கொடுத்தார், முதுகை ஏன் எவரும் ஆராயவில்லை என்று கேட்கக் கற்றவர், மேசையை விட்டு எழுந்த பின்னரும் அவ்வினாக்களைக் கேட்பர். இறந்தோர் பேசத் தவறுவதில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்கும் பதவிகளில் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதைத் தீர்மானிப்பது உயிரோடிருக்கும் எமது கடமையாகும்.